அம்மாவுக்குப் பிறகு தம்பி எங்கே இருப்பான்: வீடா, ஹோமா, நாலு பேர் சேர்ந்த வாடகை வீடா?

தம்பிக்கு இப்போது 37 வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. "நான் இருக்கிறவரைக்கும் நான் பார்த்துக்கிறேன்" என்ற அம்மாவின் ஒரு வரியோடு இந்தப் பேச்சு எப்போதும் முடிந்துவிடும். அவருக்கு 71 ஆகி, முட்டியும் போனபிறகுதான் இடம் தேடக் கிளம்பினோம். இரண்டு வருட அலைச்சலில் பார்த்தவை மூன்று வழிகள்.

முதலாவது வீடு. தெரிந்த தெரு, தெரிந்த டீக்கடை, எந்த மாத்திரையை மோரில் கரைத்தால் குடிப்பான் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இதை எந்த ஹோமும் தர முடியாது. ஆனால் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் (2023-க்கு முன் 1,500). பகலுக்கு மட்டும் ஓர் ஆளை வைத்தால்கூட அது சில நாளில் கரைந்துவிடும். மிச்சப் பாரம் அம்மா மேல், அப்புறம் அக்கா மேல், அக்கா இல்லாத வீட்டில் அண்ணி மேல். அண்ணியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், என் மனைவி இதைப் படிப்பாள். பெற்றோர் அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வர வழி இருக்கிறது. அதற்கான காகித வேலையை அவர்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது ஹோம். ராத்திரி வலிப்பு வந்தால் ஆள் உண்டு, பிசியோதெரபி உண்டு, ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வருவார். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு நல்ல ஹோம் வீட்டைவிட மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் போய்ப் பார்த்த ஒன்றில் சாயங்காலம் ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு. யாருக்குப் பசிக்கிறது என்று கேட்டால், பதில் பசியைப் பற்றியது இல்லை, ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. பெண்களுக்கெல்லாம் ஒட்ட வெட்டிய முடி, சீவிவிட ஆளில்லை என்று. துணிகள் பொதுக் குவியல், நேற்று ஒருவர் போட்ட சட்டை இன்று இன்னொருவர் மேல். அடி இல்லை, அழுக்கும் இல்லை, அவ்வளவு சுத்தமான இடம், ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதனால் கழிப்பறையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், ஆளுக்கு ஒரு அலமாரி இருக்கிறதா என்று பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பதிவு கட்டாயம், அந்தச் சான்றையும் கேளுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்து இறந்த 28 பேரை நினைத்தால் கேட்கக் கூச்சம் வராது.

பெரிய இடமென்றாலே மோசம் என்று சொல்லவில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. அவரே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அவ்வளவு பெரிய வளாகத்தை வைத்துக்கொண்டு, அவர்களே கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளுக்கு அவரவர் வீட்டுப் பக்கத்திலேயே பயிற்சி தருகிறார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

மூன்றாவது, சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, நாலைந்து பேர், கூடவே தங்கும் உதவியாளர். சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு, 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் இதைச் செய்கிறது. மனநலப் பிரச்சினையால் வருடக்கணக்கில் காப்பகங்களில் இருந்தவர்கள் இப்போது காய்கறி வாங்குகிறார்கள், அடுப்படியில் சண்டை போடுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்தச் சின்ன வீட்டு ஏற்பாடு சரியாக வரும் என்பது என் கணிப்பு. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தோடு சேர்ந்து வாழ உரிமை உண்டு, குறிப்பிட்ட ஏற்பாட்டில்தான் வாழவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு வராமலிருக்க அரசு முயல வேண்டும் என்று 2016 சட்டத்தின் 5-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் சட்டத்தை வீட்டுக்காரர் படித்திருக்க வேண்டுமே! 'டு-லெட்' போர்டு தொங்கிய வீடு, யாருக்கு என்று சொன்னதும் "பையன் ஃபாரின்லேர்ந்து வர்றான்" ஆகிவிடும். எங்களுக்கு மூன்று முறை மூன்று பையன்கள் வந்தார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை, உதவியாளர் சொல்லாமல் நின்றுவிட்டால் மாற்று ஆள் இல்லை. ஹோமில் இந்தப் பிரச்சினை குறைவு.

இவ்வளவுக்கும் பிறகு என் ஓட்டு மூன்றாவதுக்கே. இன்னும் இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை ஒரு வீட்டில் தம்பியைப் பழக்கிவருகிறோம். அம்மா இருக்கும்போதே ஆரம்பித்ததால், சரிவராவிட்டால் திரும்பிவர அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது.

எந்த வழியானாலும் பாதுகாவலர் சான்றிதழை முதலில் வாங்குங்கள். 18 முடிந்தால் பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அம்மாவின் கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்த தம்பியின் கணக்கை ஒருநாள் வங்கியில் நிறுத்தியபோதுதான் எங்களுக்கே இது தெரிந்தது, அப்போது அவனுக்கு 34.