சூரியன்-பூமி-நிலா மாதிரி: பருவத்துக்கு வாங்கலாம், கிரகணத்துக்குக் கொண்டைக்கடலை போதும்

மேசை மேல் வைத்துச் சுற்றும் சூரியன்-பூமி-நிலா மாதிரியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பருவம், பிறை, கிரகணம் மூன்றும் இதில் தெரியும் என்று பெட்டி மேல் அச்சடித்திருப்பார்கள். பருவம் நன்றாகவே தெரியும். பிறையைக் கொஞ்சம் கைவேலை செய்தால் வரவழைக்கலாம். கிரகணத்தைப் பொறுத்தவரை கருவி காட்டுவது பொய்.

இங்கே பார்ப்பது பள்ளி ஆய்வக உபகரணக் கடைகளில் அதிகம் விற்கும் வகை. நடுவில் பல்பு, அதிலிருந்து 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுழலும் தண்டு, தண்டின் நுனியில் 10 செ.மீ. விட்டமுள்ள பூகோளம், பூகோளத்தின் பக்கத்தில் ஒரு கம்பியில் செருகிய நிலாப் பந்து. தண்டுக்கு அடியில் இரண்டு கப்பிகள், ஒரு பெல்ட். இதே வேலையைப் பல்சக்கரம் செய்யும் பிளாஸ்டிக் மாடல்களும் உண்டு.

கருவியின் உயிர் அந்தப் பெல்ட்தான். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். வருடம் முழுக்க அது ஒரே திசையை, துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கத்தையே, பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பருவம் மாறுகிறது. ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாயும். ஆறு மாதம் கழித்து சாய்வு மாறியிருக்காது, பூமிதான் எதிர்ப்பக்கம் போயிருக்கும். கருவியில் இது நடக்க இரண்டு கப்பிகளும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். பெல்ட் எட்டு போல் குறுக்கே மாறாமல் நேராக ஓட வேண்டும். நடுக்கப்பி அடித்தட்டோடு இறுகியிருக்க வேண்டும்.

கடையிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். அச்சின் மேல்முனை எந்தச் சுவரைக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு தண்டை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று, எங்கே நிறுத்தினாலும் முனை அதே சுவரைக் காட்ட வேண்டும். அச்சு தண்டோடு சேர்ந்தே திரும்பினால் நடுக்கப்பியின் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது. அப்படிப்பட்ட கருவியில் வருடம் முழுக்க ஜூன் மாதம்தான். கப்பிகளின் விட்டத்தில் 5 சதவீதம் வித்தியாசம் இருந்தாலே ஒரு சுற்றுக்கு 18 பாகை விலகிவிடும். நாலைந்து சுற்றில் டிசம்பர் இருந்த இடத்துக்கு மார்ச் வந்துவிடும். ரப்பர் பெல்ட் நம்மூர் வெயிலில் நாளாக ஆகத் தொய்ந்துபோகும். பதிலுக்கு மெல்லிய நைலான் கயிறு போடலாம். முடிச்சுப் போட்டால் கப்பியைத் தாண்டும்போதெல்லாம் அச்சு குதிக்கும், அதனால் இரு முனைகளையும் உருக்கி ஒட்டுவதே நல்லது.

அடுத்தது பல்பின் உயரம். இந்தத் தவறு கண்ணில் படாது, பாடத்தை மட்டும் கெடுக்கும். பல்பின் நடுவும் பூகோளத்தின் நடுவும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 20 செ.மீ. தூரத்தில் பல்பு 3 செ.மீ. ஏறியிருந்தால் ஒளி எட்டரைப் பாகை மேலிருந்து விழும். ஜூனில் சாய்வு 32 பாகை போலவும் டிசம்பரில் 15 பாகை போலவும் தெரியும். பூமியை மார்ச் நிலையில் நிறுத்தி இரு துருவங்களையும் பாருங்கள். இரண்டு பக்கமும் இருட்டு ஒரே அளவில் இருந்தால் உயரம் சரி. இல்லாவிட்டால் ஹோல்டருக்கு அடியிலோ பூகோளத்துக்கு அடியிலோ அட்டை கொடுத்துச் சரிசெய்யலாம்.

பல்பு எவ்வளவு பெரியது என்பதும் முக்கியம். டார்ச் பல்பு போலச் சிறியதாக இருந்தால் இவ்வளவு கிட்டத்தில் பூகோளத்தின் பாதிகூட வெளிச்சம் பெறாது. வெளிச்சத்தின் விளிம்பு சுமார் 14 பாகை உள்ளே வந்துவிடும். அதனால் ஜூனில் நள்ளிரவுச் சூரியன் தெரியும் பகுதி, வடதுருவத்தைச் சுற்றி 23 பாகை இருக்க வேண்டியது, 9 பாகையாகச் சுருங்கும். 6 செ.மீ. விட்டமுள்ள பால்வெள்ளைப் பல்பு போட்டால் இந்தக் குறை பாதிக்கு மேல் தீரும். 230 வோல்ட் வயர் நேராக வரும் மாடலைத் தவிர்த்துவிடுங்கள். வயர் தண்டில் சுற்றிக்கொள்ளும், குண்டு பல்பாக இருந்தால் ஹோல்டரும் சுடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் பருவப் பாடம் அருமையாக வரும். சென்னை இருக்கும் 13 பாகையில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாகக் குத்துங்கள். டிசம்பர் நிலையில் நண்பகல் நிழல் வடக்கே நீளமாக விழும். ஏப்ரல் 24 வாக்கில் ஊசிக்கு நிழலே இருக்காது. ஜூனில் ஒரு குட்டி நிழல் தெற்கே விழும். சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விட்டது என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஊசி நொடியில் காட்டிவிடும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி நிழல் மறையும். ஐப்பசி மழையை மட்டும் இதில் தேடாதீர்கள். அது காற்றின் வேலை.

நீள்வட்டத் தடத்தில் பூமி ஓடும் மாடல் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து 14.7 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி கி.மீ. 20 செ.மீ. தண்டில் இந்த வித்தியாசம் 7 மில்லிமீட்டர்கூட வராது. முட்டை போல் நீட்டி வைத்தால், கிட்டே போனால் கோடை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். நமக்குக் கிட்டே இருப்பது மார்கழிக் குளிரில்.

இனி பிறை. பெரும்பாலான கருவிகளில் நிலாப் பந்தின் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு. பார்க்க அழகு, பாடத்துக்குக் கேடு. கம்பியில் இறுகிய பந்து எப்போதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டும். உண்மை நிலாவும் அப்படித்தான். ஆனால் பெயின்ட்டும் கூடவே சுற்றுவதால் பூமியிலிருந்து பார்த்தால் மாதம் முழுக்க ஒரே பிறை. சில கருவிகளில் வெள்ளைப் பாதி சூரியனையே பார்க்கும்படி தனிச் சக்கரம் வைத்திருப்பார்கள். அதில் பிறை மாறும், ஆனால் நிலாவுக்கு நிரந்தர இருட்டுப் பக்கம் ஒன்று உண்டு என்ற தப்பெண்ணமும் சேர்ந்தே வரும். பந்து முழுவதற்கும் வெள்ளை பெயின்ட் அடித்து அறையை இருட்டாக்குங்கள், மிச்சத்தைப் பல்பு பார்த்துக்கொள்ளும்.

மேலிருந்து குனிந்து பார்த்தால் எப்போதும் அரை நிலாதான் தெரியும். பூகோளத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செல்போனின் செல்ஃபி கேமராவை வைத்து, நிலாவைச் சுற்றச் சுற்ற அதைத் தொடர்ந்து திருப்புங்கள். அமாவாசை, மூன்றாம் பிறை, அரை நிலா, பௌர்ணமி எல்லாம் திரையில் வரிசையாக வரும். வடக்கே மேலிருந்து பார்க்கும்போது சுற்று கடிகார முள்ளுக்கு எதிராக இருக்க வேண்டும். மாற்றிச் சுற்றினால் வளர்பிறையும் தேய்பிறையும் இடம் மாறிவிடும். நிலாக் கம்பி கையால் நகர்த்துவதாக இருந்தால் குறையென்று நினைக்காதீர்கள். நிலா பூமியைச் சுற்ற 27.3 நாள், அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள். இந்த இரண்டு நாள் இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைத் தண்டையும் கம்பியையும் தனித்தனியாக நகர்த்தித்தான் காட்ட முடியும்.

கிரகணத்துக்கு வந்தால் கருவி கைவிரித்துவிடும். நிலா தட்டையாகச் சுற்றுவதால் அமாவாசைதோறும் சூரிய கிரகணம், பௌர்ணமிதோறும் சந்திர கிரகணம். நிலாவின் பாதை 5.1 பாகை சாய்ந்தது என்று படித்துவிட்டுக் கம்பியை வளைத்தாலும் பயனில்லை. 8 செ.மீ. கம்பியில் அந்தச் சாய்வு வெறும் 7 மில்லிமீட்டர். 10 செ.மீ. பூகோளத்தின் நிழலிலிருந்து அது எப்படித் தப்பும்? பிழை தூரத்தில் இருக்கிறது. அந்தப் பூகோளத்துக்கு நிலா 2.7 செ.மீ. பந்தாக 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் 5.1 பாகை என்பது 27 செ.மீ. அங்கே பூமியின் கருநிழல், அதாவது சூரியன் முழுசாக மறையும் நடுநிழல், 7 செ.மீ. அகலம்தான். நிலா பெரும்பாலான மாதங்களில் மேலேயோ கீழேயோ நழுவிப் போவது இதனால்தான். வானில் நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடங்களுக்குத்தான் பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று பெயர். சூரியன் அவற்றில் ஒன்றை நெருங்கும்போது மட்டும், சுமார் 173 நாளுக்கு ஒரு முறை, கிரகணக் காலம் வரும்.

இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. 4 செ.மீ. டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று, 11 மி.மீ. பாசிமணி ஒன்று, ஒன்றரை மீட்டர் வயரிங் பைப் ஒன்று போதும். மணிக்குப் பதில் அதே அளவுள்ள கொண்டைக்கடலையை ஊசியில் குத்திக்கொள்ளலாம். பைப்பில் பந்தையும் மணியையும் 120 செ.மீ. இடைவெளியில் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். அளவும் தூரமும் உண்மை விகிதத்தில் அமைந்துவிடும். விளக்கு வேண்டாம், வெயிலே போதும். சூரியனை அண்ணாந்து பார்க்கவே கூடாது. முதுகை வெயிலுக்குக் காட்டி, பந்தின் மேல் விழும் நிழலை மட்டும் பாருங்கள்.

மணி சூரியன் பக்கம் இருக்கும்படி பைப்பைத் திருப்பினால் பந்தின் மேல் 2 செ.மீ. அகலத்தில் வெளிறிய நிழல் விழும். அதுதான் புறநிழல், பகுதி கிரகணம் தெரியும் இடம். இடைவெளியை 112 செ.மீ. ஆக்கினால் நடுவில் கடுகை விடச் சிறிய கரும்புள்ளி வரும், அங்கே முழு கிரகணம். 128 ஆக்கினால் புள்ளி மறைந்து மங்கல் மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் நிற்பவருக்குச் சூரியன் வளையமாகத் தெரியும். 2019 டிசம்பர் 26 அன்று கோவையும் திண்டுக்கல்லும் திருச்சியும் பார்த்தது இதைத்தான். பைப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பந்தைச் சூரியன் பக்கம் கொண்டுபோனால் மணி முழுசாக நிழலுக்குள் போய்விடும், அது சந்திர கிரகணம். கை துளி அசைந்தாலும் நிழல் தப்பிவிடும், அதனால் பைப்பை நாற்காலி முதுகில் சாய்த்துப் பிடியுங்கள். காலை எட்டு மணி வெயில் இதற்குத் தோது. உச்சி வெயிலில் பைப்பை ஏறக்குறைய செங்குத்தாகத் தூக்க வேண்டியிருக்கும்.