போர் தண்ணீர் ஊரில் மணி பிளான்டா, ஸ்பைடர் பிளான்டா?

தருமபுரியில் வீடு மாறியதும் பால்கனிக் கம்பியில் இரண்டு தொட்டிகளைத் தொங்கவிட்டேன். ஒன்றில் மணி பிளான்ட், மற்றதில் ஸ்பைடர் பிளான்ட். இரண்டும் ஓசூர் நர்சரியில் வாங்கியவை. இரண்டுக்கும் நேர் வெயில் ஆகாது, நல்ல வெளிச்சம் போதும். அழகில் ஸ்பைடர் பிளான்ட்தான் ஒரு படி மேல். குட்டிச் செடிகள் சரம்சரமாகத் தொங்கும். இருந்தும் என் ஓட்டு மணி பிளான்டுக்குத்தான். காரணம் தண்ணீர்.

போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரில், கலந்து வரும் ஃபுளோரைடு உப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பல்லில் பழுப்புக் கறை படிந்த பெரியவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததும் இதற்காகத்தான். ஆனால் குடத்தில் பிடித்து வைக்கிற அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வருமா? செடிக்குப் போவது போர் தண்ணீர்தான்.

வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஃபுளோரைடும் இலைக்கு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், ஃபுளோரைடு நுனியில் தங்கிவிடும். ஸ்பைடர் பிளான்டுக்கு இது சுத்தமாக ஒத்துக்கொள்ளாது; நுனி பழுத்துக் கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நான் இன்னும் ஊற்றினேன், கருகல் கூடியது. அப்புறம் காய்ச்சி ஆற வைத்து ஊற்றினேன். அதுவும் தப்பு. காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். மழைநீர் பிடித்து ஊற்றிய பிறகுதான் புது இலைகள் பச்சையாக வந்தன. ஐப்பசியில் சரி, பங்குனியில் மழைநீருக்கு எங்கே போவது?

மணி பிளான்ட் அதே போர் தண்ணீரில் தளதளவென்று இருக்கிறது. இலையில் படியும் வெள்ளைத் திட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மண்மேல் உப்புப் பூக்காமலிருக்க மாதம் ஒருமுறை அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றுகிறேன். மற்ற நாட்களில் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபிறகே தண்ணீர். ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். கொடி நீண்டு மொட்டையானால் கணுவுக்குக் கீழே வெட்டிப் பாட்டில் தண்ணீரில் வைக்கிறேன். இப்படி ஒன்று ஆறாகிவிட்டது.

ஹோயா என்ற கொடிச் செடியும் ஒன்று வைத்திருக்கிறேன். நான்கு மாதம்தான் ஆகிறது, இப்போதே தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

ஒரே இடத்தில் மட்டும் ஸ்பைடர் பிளான்டுக்கு விட்டுக்கொடுப்பேன். மணி பிளான்ட் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். ஸ்பைடர் பிளான்டில் அந்த நஞ்சு இல்லை. தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் மழைநீரைச் சேர்த்து வைத்தாவது அதையே வளர்க்கலாம்.