நிக்கான் எஃப்எம்2: நண்பனின் கேமராவில் பத்து ரோல் எடுத்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கேமராவை நான் கடையில் வாங்கவில்லை. 2024-ல் என் நண்பன் மாரடைப்பில் போய்விட்டான், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காரியம் முடிந்த அன்று சாயங்காலம் அவன் மனைவி ஒரு பச்சை கேன்வாஸ் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அண்ணா, இத நீங்களே வெச்சுக்கங்க. சும்மா கெடந்தா பூஞ்சை புடிச்சுரும்னு அவரு சொல்லீட்டே இருப்பாரு" என்றார். பைக்குள் எஃப்எம்2, 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ், நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், ஒரு நாற்பது பக்க நோட்டு. எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுவது என்று வைக்கிற ஷட்டர் டயல் 60-ல், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கில் நின்றிருந்தது. ஓடுகிற காரைக் கூடவே திரும்பி எடுப்பதற்கு அவன் எப்போதும் வைக்கிற வேகம் அது. அந்த டயலைத் தொடவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அதற்கப்புறம் இதில் பத்து ரோல் எடுத்து முடித்துவிட்டேன். பழைய ஃபிலிம் கேமரா வாங்கலாமா என்று இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள், அதிலும் எஃப்எம்2 பெயர் ரொம்ப அடிபடுகிறது, அதனால் எழுதுகிறேன். ஆனால் இந்தக் கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவன் சொல்லிக்கொடுத்தது. அவனைத் தள்ளிவைத்துவிட்டு கேமராவை மட்டும் எழுத எனக்கு வராது.

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தான், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. பட்டறை வாசலில் அவனுடைய பிரீமியர் பத்மினி கார் நிற்கும், 1986 மாடல், க்ரீம் கலர், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். அந்த நோட்டைத் திறந்தால் பெட்ரோல் கணக்கும் படக் கணக்கும் ஒரே பக்கத்தில் கிடக்கிறது. "பல்லடம் ரோடு, 11 லிட்டர்" என்று ஒரு வரி, அதற்குக் கீழேயே "125, 8, லாரி, வெயில் பின்னாடி" என்று அடுத்த வரி, ஷட்டர் வேகம், லென்ஸ் திறப்பு, எடுத்த பொருள், வெளிச்சம். அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான், ஒரு மெஷின் தன்னிடம் என்ன கேட்கிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பது.

சரி, கேமராவுக்கு வருகிறேன். எஃப்எம்2 வந்தது 1982-ல். அதற்கு முந்தைய எஃப்எம் மாடலில் அதிகபட்ச ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இதில் அது நாலாயிரத்தில் ஒரு பங்காகப் போனது. அந்த வேகத்துக்காகவே ஷட்டர் தகடுகளை டைட்டானியத்தில், தேன்கூடு மாதிரி கோடு பதித்துச் செய்தார்கள், பிறகு வந்தவற்றில் சாதா அலுமினியத் தகடு. பாடி மட்டும் 540 கிராம். முழுக்க மெக்கானிக்கல், உள்ளே போடுகிற இரண்டு பட்டன் செல் வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். செல் தீர்ந்துபோனாலும் ஒரு நொடியிலிருந்து நாலாயிரம் வரைக்கும் எல்லா வேகமும் அப்படியே ஓடும். "இதுவும் தள்ளு ஸ்டார்ட் வண்டிதான் மாப்ள, பேட்டரி போனா நடுரோட்டுல நிக்காது" என்பான். பத்மினியைப் பல தடவை நானும் சேர்ந்து தள்ளியிருக்கிறேன், அதனால் அவன் சொல்வது எனக்கு உடனே புரிந்தது.

ஃபிலிம் நகர்த்துகிற லீவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லீவர் பாடியோடு ஒட்டி இருந்தால் ஷட்டர் பட்டன் பூட்டிக்கொள்ளும். கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால்தான் பட்டன் வேலை செய்யும், பட்டனை லேசாக அழுத்தினால் மீட்டரும் எரியும். வலது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. இடது கண்ணால் பார்ப்பவர் என்றால் அந்த லீவர் முனை நேராக வலது கண்ணுக்கு மேலே வந்து குத்தும், வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் இடது கண்காரன். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் நடந்தால் காலையிலேயே போய் வேலியோரம் நின்றுவிடுவோம். சாயங்காலம் டீக்கடையில் உட்காரும்போது அவன் வலது புருவத்துக்கு மேலே அரிசி நீளத்துக்கு ஒரு சிவப்புத் தடம் இருக்கும். துடைத்தால் போகாது, மறுநாள் காலையில்தான் மறையும். மூன்று கார் நன்றாக வந்திருக்கும் என்று தோன்றினால் போதும், அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டே இரண்டாவது டீ சொல்லுவான்.

அந்த டிராக்குக்கு எஸ். கரிவர்தன் பெயரை வைத்திருப்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டி, இங்கே நிறைய பேரை ரேஸுக்குள் கொண்டுவந்த கோயம்புத்தூர்க்காரர், 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். "நம்ம ஊர்ல லேத்து ஓட்டறவனும் ரேஸ் கார் செய்யலாம்னு காட்டுன மனுசன்டா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை.

மீட்டர் ரொம்ப எளிமையானது. வியூஃபைண்டருக்குள், அதாவது கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குள், மூன்று குறி, கூட்டல், வட்டம், கழித்தல். வட்டம் மட்டும் எரிந்தால் வெளிச்சம் சரி. ஆனால் மீட்டர் படத்தின் நடுப்பகுதிக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்கும், அதனால் வெள்ளை அம்பாசடரை நேராகக் குறிவைத்து வட்டம் எரியவைத்து எடுத்தீர்கள் என்றால் படத்தில் அது அழுக்குச் சாம்பல் கலரில் வரும். கறுப்புக் கார் என்றால் வெளுத்துவிடும். இதற்கு அவன் வழி சுலபம், கேமராவை முதலில் கீழே தார் ரோட்டைப் பார்க்கத் திருப்பு, அங்கே அளவு எடுத்துக்கொள், அப்புறம் காரை எடு. நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன், ஒரு வெள்ளை வண்டிகூடக் கெட்டுப்போகவில்லை. வியூஃபைண்டரில் தெரிவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஃபிலிமில் பதியும் (93 சதவீதம்தான் கண்ணுக்குத் தெரியும்) என்பதும் ஞாபகம் இருக்கட்டும், ஓரத்தில் வேண்டாத கம்பம் ஒன்று வந்து நிற்கும்.

ஃபோகஸ் நம் கையில்தான். வியூஃபைண்டரின் நடுவில் ஒரு சின்ன வட்டம் இரண்டாகப் பிளந்திருக்கும், அதில் எடுக்கிற பொருளின் செங்குத்துக் கோடு ஒன்று உடைந்து தெரியும், லென்ஸ் வளையத்தைத் திருப்பி அந்தக் கோட்டை ஒட்டவைக்க வேண்டும். பழகிவிட்டால் ஒரு நொடி வேலை. 2011-ல் எனக்குப் பழக்கம் இல்லை. வால்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தோம், நாற்பது கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் பத்மினி சூடாகிவிட்டது, கீழே ஆழியாறு அணை தெரியும் இடம். இன்ஜின் ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, வண்டியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு "ஒண்ணு எடுடா" என்று கேமராவை என்னிடம் கொடுத்தான். முகத்தில் செங்குத்துக் கோடு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், பின்னால் தெரிந்த கதவு விளிம்பில் கோட்டை ஒட்டவைத்து எடுத்துவிட்டேன். பிரிண்ட் வந்தபோது கதவின் கைப்பிடியில் இருந்த கீறல்கூடத் தெளிவாக இருந்தது, அவன் முகம் லேசாகக் கலங்கியிருந்தது. பார்த்துவிட்டு "வண்டி சூப்பரா வந்திருக்குடா" என்றான், அவ்வளவுதான்.

இப்போது அவர்கள் வீட்டில் மாலை போட்டு வைத்திருப்பது அந்தப் படம்தான். வேறு படம் இல்லை. ஊரிலிருக்கிற அத்தனை பேரையும் அத்தனை வண்டியையும் எடுத்தவன், யார் கையிலும் கேமராவைக் கொடுக்க மாட்டான். ஃபிரேம் போட்டவர் முகத்தைப் பெரிதாக்கி, சுற்றி இருந்ததை வெட்டியிருக்கிறார், ஆனாலும் வலது ஓரத்தில் அந்தக் கைப்பிடி மிச்சம் இருக்கிறது, கீறலோடு. ஒவ்வொரு தடவை அந்த வீட்டுக்குப் போகும்போதும் என் கண் அங்கேதான் போகிறது. ஃபோகஸ் செய்யும்போது காதோரம், கண்ணாடி ஃபிரேம், சட்டைப் பட்டன் பட்டை, இதில் ஏதாவது ஒன்றில் கோட்டை ஒட்டவையுங்கள். அவசரப்படாதீர்கள்.

ஃபிலிம் ஏற்றுவது சுலபம் என்று எழுதியிருப்பார்கள், நம்பலாம், ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஏற்றி மூடியபின் லீவரை இழுக்கும்போது இடது பக்கம் ரீவைண்ட் குமிழி தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் மாட்டவில்லை, நீங்கள் காற்றைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை நான் மும்பையில் கற்றுக்கொண்டேன். 2023 அக்டோபரோடு மும்பையில் பத்மினி டாக்சி முடிகிறது என்று செய்தி வந்தது. 2003 அக்டோபரில் கடைசியாகப் பதிவான வண்டிக்கு இருபது வருட வரம்பு முடிகிற நேரம். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கார் பிறந்ததே குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையில், நாங்கள் போனதும் குர்லா எக்ஸ்பிரஸில். செப்டம்பரில் மூன்று நாள், நல்ல மழை. கறுப்பு மஞ்சள் வண்டி ஒவ்வொன்றாகத் தேடிப் போய், டிரைவரோடு உட்கார்ந்து டீ குடித்து, அப்புறம்தான் எடுப்பான். இரண்டாவது ரோலை நான் மாற்றிக் கொடுத்தேன். அது மாட்டவே இல்லை. 36-ஐத் தாண்டியும் எண் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. குமிழியைத் தொட்டுப் பார்த்தான், லூசாகச் சுற்றியது. நான் பேச்சு வராமல் நின்றேன். அவன் தோளில் கை வைத்து, "வண்டிய நாம பாத்தோமில்ல, விடு" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே எப்படிச் சரிபார்ப்பது என்று காட்டிக்கொடுத்தான். முதல் ரோலில் பதினைந்து படம் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது ரோலில் வயதான டிரைவர் ஒருவர் டாஷ்போர்டில் இருந்த சாமி படத்துக்குச் செம்பருத்தி வைத்துக்கொண்டிருந்தார், அது போனதுதான் போனது.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோல், கழுவுவது, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு படத்துக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் ஆகிறது. இங்கே பக்கத்தில் கலர் ஃபிலிம் கழுவ இடமில்லை, வெளியூருக்கு அனுப்புகிறேன். ஒரு லேபில் நெகட்டிவை வெட்டும்போது படத்தின் நடுவிலேயே வெட்டிவிட்டார்கள், அதனால் வெட்டாமல் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஊட்டித் தொழிற்சாலையில் செய்த இந்து ஃபிலிம் கிடைக்கும், அவன் முதல் ரோலே அதுதானாம். அதைச் செய்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடிப்போன பிறகும் அந்தப் பக்கம் போனால் பத்மினியை ஓரம் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் அந்தத் திசையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான்.

பழையது வாங்குகிறவர்களுக்கு: சீரியல் நம்பருக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்து இருந்தால் அது 1984-க்குப் பிறகு வந்த திருத்திய மாடல், ஃபிளாஷை 250 வேகம் வரை பயன்படுத்தலாம், முதலில் வந்ததில் 200 வரைதான். இருந்தால் அதையே எடுங்கள். பின்கதவைத் திறந்து ஷட்டர் தகட்டில் நசுக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், விரலால் தொடாதீர்கள். கதவோரத்து நுரைப் பட்டை பிசுபிசுவென்று ஆகியிருந்தால் மாற்ற வேண்டியிருக்கும், பெரிய செலவில்லை. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை பாருங்கள். எஃப்எம்10 என்று ஒன்றைக் காட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள், ஒன்றில்லை. அது நிக்கானுக்காகக் கோசினா என்ற கம்பெனி செய்து கொடுத்த வேறு கேமரா, பாடியும் லேசானது.

ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ எக்ஸ்போஷர் எதுவும் இதில் கிடையாது. வீட்டு விசேஷத்தில் ஓடி ஓடி எடுக்க வேண்டும் என்றால் இது வேண்டாம். நின்று, அளவு பார்த்து, ஒரே ஒரு படம் எடுக்கப் பொறுமை இருந்தால் தாராளமாக வாங்கலாம். லீவரை இழுக்கும்போது உள்ளே பற்சக்கரம் ஒவ்வொன்றாக நகர்வது விரலில் தெரியும், நன்றாக எண்ணெய் விட்ட லேத் மாதிரி என்பான் அவன், நாற்பது வருடத்துப் பொருளில் இன்னும் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது பதினோராவது ரோலைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பத்மினி தார்ப்பாய்க்குள் இருக்கிறது, விற்கவில்லை, மாதம் ஒருமுறை நான் போய் ஸ்டார்ட் செய்துவிட்டு வருகிறேன். அவன் மகள் எட்டாம் வகுப்பு. தார்ப்பாயை எடுத்துவிட்டு என்னைக் கதவுப் பக்கம் நிற்கச் சொன்னாள். ரீவைண்ட் குமிழி சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன், பார்த்தாள். கேமராவைத் தூக்கியபோது கவனித்தேன், இவளும் இடது கண்தான். வளையத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"கோடு எங்க வெக்கறது மாமா?"

"என் சட்டைப் பட்டன் மேல."

"அசையாதீங்க. ம்... சேந்துருச்சு."