மூன்று நாள் தீம் பார்க் குடும்பப் பேக்கேஜ்: கையிருப்பு குறைவாக உள்ளவர்கள் வாங்கலாமா?

ஓராண்டுக்கு மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையைக் கொண்டு, நான், என் கணவர், மாமியார், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள் ஆகிய ஐந்து பேரும் ஒரு பெரிய தீம் பார்க்கிற்குச் சென்று வந்தோம். அந்தப் பூங்காவே விற்கும் குடும்பப் பேக்கேஜைத்தான் எடுத்திருந்தோம். இரண்டு இரவு தங்கும் அறை, மூன்று நாள் நுழைவுச்சீட்டு, உணவுக் கூப்பன் எல்லாம் ஒரே தொகைக்குள் அடங்கிவிடும் என்பதே அதை எடுத்ததற்குக் காரணம். குழந்தைகள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். ஆனாலும், கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய குடும்பத்திற்கு இந்தப் பேக்கேஜை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் "மூன்று நாள்" என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். பூங்கா காலை பத்து மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடுகிறது. முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை கொடுத்தார்கள். பெட்டிகளை வைத்துவிட்டு, கைப்பட்டை வாங்கும் வரிசையிலும் நின்று உள்ளே நுழையும்போது மணி நான்கரை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் மூட்டை கட்டுவதிலேயே காலைப் பொழுது கழிந்தது. மாலை ரயிலைப் பிடிப்பதற்காக மூன்று மணிக்கு வெளியே வந்துவிட்டோம். ஆக முதல் நாள் மூன்றரை மணி நேரம், இரண்டாம் நாள் அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விட்டதால் பத்தரை மணி நேரம், மூன்றாம் நாள் நான்கரை மணி நேரம் என மொத்தம் பதினெட்டரை மணி நேரமே கிடைத்தது. இரண்டு நாள் சீட்டை மட்டும் தனியாக வாங்கி, முதல் நாள் இரவே வந்து வெளியில் ஓர் எளிய விடுதியில் தங்கியிருந்தால் இருபது மணி நேரம் கிடைத்திருக்கும். எத்தனை நாள் என்று பார்த்துச் சீட்டு வாங்காமல், வாசலுக்குள் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறோம் என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பேக்கேஜில் உண்மையிலேயே பயன் தந்தது ஒன்றுதான். அறை எடுத்துத் தங்குபவர்களைப் பொதுமக்களுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள். ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டிலும் அங்குள்ள ஹோட்டல்களில் தங்குவோருக்கு இதே போன்ற அரை மணி நேரச் சலுகை உண்டு. இரண்டாம் நாள் அதைப் பயன்படுத்திக்கொண்டதில், பத்தரை மணிக்குள் நான்கு சவாரிகளை முடித்துவிட்டோம். மறுநாள் பத்தரை மணிக்கு நுழைந்தபோது, அந்த நான்கில் ஒரே ஒரு சவாரிக்கே ஐம்பது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. ஆயினும் இந்த ஒரு சலுகைக்காக அறை வாடகை கொடுக்கத் தேவையில்லை. பொது வாசல் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே சென்று நின்றுவிட்டால் இந்தப் பயனில் பெரும்பகுதி செலவில்லாமலேயே கிடைத்துவிடும். காலைச் சிற்றுண்டியை வரிசையில் நின்றபடியே குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

விரைவு வரிசைச் சீட்டை வாங்கும்படி நுழைவாயில், செயலி, சவாரி வாசல் என எல்லா இடங்களிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இதைத் தொடங்கியபோது தனிக் கட்டணம் கிடையாது. 2021-இல் அதைக் கட்டணச் சேவையாக மாற்றியது. 2024 முதல் அது லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்ற பெயரில் விற்கப்படுகிறது. இப்போது பல பூங்காக்களில் இது இன்னொரு நுழைவுச்சீட்டு வாங்குவதற்குச் சமம். ஐந்து பேருக்கும் ஒரு நாளுக்கு வாங்கினால், நாங்கள் சென்ற பூங்காவில் ஏறக்குறைய எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு ஆகியிருக்கும். நாங்கள் வாங்கவில்லை; அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அதைவிடப் பயனுள்ள ஒன்று செலவில்லாமலேயே கிடைக்கிறது. ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். உயரம் போதாத குழந்தையுடன் பெற்றோரில் ஒருவர் வெளியே காத்திருக்க, மற்றவர் சவாரி செய்துவிட்டு வந்ததும், காத்திருந்தவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் உள்ளே செல்லலாம். பெரிய பூங்காக்களில் இதை ரைடர் ஸ்விட்ச், ரைடர் ஸ்வாப் என்று அழைக்கிறார்கள். பல இடங்களில் இரண்டாவது முறை செல்பவர் தம்முடன் இன்னொருவரையும் அழைத்துச் செல்லலாம் என்பதால், எங்கள் மகன் ஒரே வரிசைக்கு இரண்டு சவாரி சென்று வந்தான்.

உயரம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குடும்பமாகச் செல்லும் ரோலர் கோஸ்டர் ஒன்றில் குறைந்தபட்ச உயரம் 110 செ.மீ. நாற்பது நிமிடம் நின்று உள்வாசலை அடைந்ததும், ஊழியர் அளவுகோலை மகளின் பக்கத்தில் நிறுத்தினார். குறுக்குக் கட்டைக்கும் அவள் தலைக்கும் இடையில் மூன்று விரற்கடை இடைவெளி இருந்தது. "அம்மா, நான் எக்கி நிக்கட்டுமா?" என்று அவள் என்னிடம் மெல்லக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஊழியர் நல்லவர். குனிந்து அவளிடம் பேசி, அவள் ஏறக்கூடிய வேறு சவாரிகளை வரைபடத்தில் வட்டமிட்டுக் கொடுத்தார். இருந்தாலும் அந்த நாற்பது நிமிடமும் அவள் முகம் வாடியதும் என் கவனக்குறைவால் நேர்ந்தவைதாம். வீட்டிலேயே அளந்து, ஒவ்வொரு சவாரியின் உயர வரம்பையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பெயர் ஒன்றுதானே என்று இருந்துவிடவும் கூடாது. டிஸ்னி பூங்காக்களிலுள்ள ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டருக்குக் கலிஃபோர்னியாவில் 102 செ.மீ. போதும், ஃபுளோரிடாவில் 112 செ.மீ. வேண்டும். குழந்தைகளில் பாதிக்கு மேல் பெரிய சவாரிகளுக்கு எட்டாதவர்கள் என்றால், அந்தப் பூங்காவை ஓரிரு ஆண்டு தள்ளிப் போடுவதே பணத்துக்கு நல்லது.

மாமியாருக்கும் முழுச் சீட்டுதான் எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஏறியது இரண்டே சவாரிகள்: ஒரு படகு, ஒரு குட்டி ரயில். பேக்கேஜில் வேடிக்கை பார்ப்பவருக்கென்று தனிக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் உடன் வரும் குடும்பங்களுக்கு, நுழைவுக்குத் தனியாகவும் சவாரிக்குத் தனியாகவும் பணம் வாங்கும் பழைய பாணிப் பூங்காக்களே ஏற்றவை. கோபன்ஹேகனில் 1843-இல் திறக்கப்பட்ட டிவோலி இன்றும் அப்படித்தான் இயங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1926 முதல் நடந்துவரும் க்னோபெல்ஸ் பூங்காவில் நுழைவுக் கட்டணமே கிடையாது. வயது வரம்பும் பூங்காவுக்குப் பூங்கா மாறும். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம், பத்து வயதானால் பெரியவர் கட்டணம். எனவே பிறந்தநாளுக்கு முன்பா பின்பா என்பதையும் பார்த்து நாள் குறிப்பது நல்லது.

உணவுக் கூப்பன் எனக்குப் பெரிய ஏமாற்றம். குறிப்பிட்ட மூன்று கவுன்ட்டர்களில் மட்டுமே அது செல்லும்; அவற்றில் ஒன்று நாங்கள் சென்ற நாள்களில் மூடியிருந்தது; மற்ற இரண்டிலும் மதிய வேளையில் அரை மணி நேரத்துக்கு மேல் கூட்டம். அதே நேரத்தில், வெளியிலிருந்து உணவு கொண்டுவரலாம் என்று பூங்காவின் விதியிலேயே இருந்ததை இரண்டாம் நாள் இரவுதான் படித்தோம். பேக்கேஜ் விற்றவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாத வரை சொந்த உணவைக் கொண்டு செல்லலாம். ஷாங்காய் டிஸ்னிலாந்தில் உணவு கொண்டு வரத் தடை இருந்தது; ஒரு சட்ட மாணவி வழக்குத் தொடுத்த பிறகு, 2019-இல் அதைத் தளர்த்தினார்கள். மூன்றாம் நாள் நாங்கள் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பயணத்திலேயே நிம்மதியான வேளை அதுதான்.

கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன, குடிநீர்க் குழாய்கள் போதுமான அளவில் இருந்தன. லாக்கர் கட்டணம் சவாரிக்குச் சவாரி தனி என்பதால், ஒரே ஒரு சிறிய பையுடன் செல்வது நல்லது. கடைகளைப் பொறுத்தவரை, முதல் நாளே இரு குழந்தைகள் கையிலும் ஒரே அளவு பணத்தைக் கொடுத்து, மூன்று நாளுக்கும் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டோம். மகன் ஒரே கடையை மூன்று முறை சுற்றி வந்து, விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எடுத்த பொம்மையைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு சாவிக்கொத்து வாங்கினான். எங்களிடம் எதுவும் கேட்டு அடம்பிடிக்கவில்லை.

கட்டணம் குறைந்த நாள்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டம் குறைவான காலத்தில்தான் பராமரிப்புப் பணிக்காகச் சவாரிகளை நிறுத்துவார்கள். பல பூங்காக்களில் மூடும் நேரமும் முன்னதாகவே வந்துவிடும். நாங்கள் சென்றபோதும் மிகப் பெரிய நீர்ச்சவாரி மூடியிருந்தது. வாரநாளில் செல்லுங்கள், ஆனால் மூடப்படும் சவாரிகளின் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

தொலைவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, எதையும் தனித்தனியாக ஏற்பாடு செய்ய நேரமில்லாதவர்களுக்கு இந்தப் பேக்கேஜ் வசதியாக இருக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். அந்த இரண்டும் காலை அரை மணி நேரத்துக்கும் சவாரி ஊழியர்களின் கனிவுக்கும். அடுத்த முறை இரண்டு நாள் சீட்டு மட்டும், வெளியில் அறை, கையில் சாப்பாடு என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான நாளை இன்னும் குறிக்கவில்லை. கதவு நிலையில் 110 செ.மீ. உயரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டிருக்கிறோம், மகள் தினமும் அதன் கீழே போய் நின்று பார்க்கிறாள்.