எல்லாம் ஃபோன்ல முடியுது, பிசியோவுக்கு மட்டும் சீட்டு

இங்க சிங்கப்பூர்ல அப்பாவ மூணு மாசத்துக்கு ஒருதடவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறது என் டூட்டி, சக்கரை, பிரஷர், இப்ப முட்டி வேற. முன்னாடி முஸ்தபா கடை பிளாஸ்டிக் பை நிறைய ரிப்போர்ட் தூக்கிட்டுப் போவோம். இப்ப ஹெல்த்ஹப்னு அரசாங்க ஹெல்த் ஆப்ல சிங்பாஸ் (அரசாங்க டிஜிட்டல் ஐடி) போட்டு உள்ள போனா அப்பாயின்மென்ட், ரத்த டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் அதுலயே இருக்கு. என்னை கேர்கிவரா சேத்துட்டதால அப்பாவோடதையும் என் ஃபோன்லயே பாக்குறேன்.

போன வாரம் போனப்ப வாசல்ல கியோஸ்க் மெஷின்ல ஐசிய (அடையாள அட்டை) ஸ்கேன் பண்ணோம், துண்டு சீட்டுல ஒரு நம்பர் வந்துச்சு. ரத்தம் குடுக்க, டாக்டர பாக்க, பில்லு கட்ட, மருந்து வாங்க எல்லாத்துக்கும் அதே நம்பர் தான், நம்ம முறை வந்தா எஸ்எம்எஸ் வேற வருது, அதனால அப்பா கீழ கேண்டீன்ல கோப்பி ஓ கோசோங் (பால், சக்கரை இல்லாத காப்பி) குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. பாலிகிளினிக்ல (அரசாங்க கிளினிக்) எடுத்த ரத்த டெஸ்டு டாக்டர் ஸ்கிரீன்ல ரெடியா இருந்துச்சு, மறுபடி ஊசி குத்தல. பேஷண்ட் ரெக்கார்ட எல்லா இடத்துலயும் பாக்க வைக்கிற நேஷனல் எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்டு 2011லேயே ஆரம்பிச்சது, அதோட பலன் இந்த மாதிரி நேரத்துல தான் தெரியுது. மெடிசேவ்ல (மருத்துவ செலவுக்கான கட்டாய சேமிப்பு) கழிச்சது போக மிச்சத்த ஃபோன்லயே கட்டியாச்சு.

கடுப்பானது முட்டிக்கு போன பிசியோல (பிசியோதெரபி) தான். டாக்டர் கம்ப்யூட்டர்ல அங்க அனுப்புற ரெஃபரல் போட்டுட்டாரு, ஆனா பிசியோ பிளாக் கவுண்டர்ல "சீட்டு எங்க சார்?"னு கேக்குறாங்க, அவங்க சிஸ்டம்ல இன்னும் வரலயாம். திரும்ப டாக்டர் இருக்குற லெவல் 3க்கு ஏறி, பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி வாங்கிட்டு வந்தா, கவுண்டர்ல இருந்த மிஸ்ஸி அதப் பாத்து கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்தா டைப் பண்றாங்க. நாப்பது நிமிஷம் போச்சு லா. பாவம், அவங்கள சொல்லி என்ன பண்றது, ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல நான் தான் ஒயர் மாதிரி ஓடிட்டு இருந்தேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் பெருசா நம்பிக்கை இல்ல, 2018ல சிங்ஹெல்த் ஆஸ்பத்திரிகளோட சிஸ்டத்த ஹேக் பண்ணி 15 லட்சம் பேஷண்ட் விவரத்த தூக்கிட்டுப் போனாங்கள்ல, அத இன்னும் சொல்லுவாரு. அதுவும் நியாயம் தான்.

ரெஜிஸ்ட்ரேஷன், பில்லுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுக்கலாம், பிசியோவுக்கு ரெண்டு தான். பிசியோவுக்கு போறவங்க டாக்டர் ரூம விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பிரிண்ட் கேட்டு வாங்கிடுங்க, ஃபோட்டோவும் எடுத்து வச்சுக்குங்க, அடுத்த தடவையும் கேப்பாங்க.