லாரி விபத்து வழக்குக்கு நாங்கள் போன மஞ்சக்குப்பம் வக்கீல் அலுவலகம்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்துக் கிளம்பிய என் தம்பி, காரைக்காடு பக்கம் இருட்டில் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு மோதிவிட்டான். தொடை எலும்பு முறிந்து ஜிப்மரில் 11 நாள் இருந்தான். எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால், கவனமில்லாமல் வந்து மோதினான் என்று அவன் மேலேயே எழுதியிருந்தது. இனி என்ன செய்ய முடியும் என்று நான்கு மாதம் அப்படியே விட்டுவிட்டோம்.

அப்புறம் சித்தி சொல்லித்தான் இங்கே வந்தோம். வக்கீல் மேடம் முதலில் கேட்டது தேதி. 2022 ஏப்ரலில் இருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்ட ஈட்டுக்கு மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. "எஃப்.ஐ.ஆர். தீர்ப்பு இல்லம்மா. யார் தப்புன்னு தீர்ப்பாயம் தனியா விசாரிக்கும்" என்றார். அன்றுதான் எனக்கு மூச்சே வந்தது.

சித்தப்பா மகன் அன்று ராத்திரி போனில் எடுத்த மூன்று படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்விளக்கு எரியவில்லை. வண்டி நிற்கிறது என்று எச்சரிக்கும் முக்கோணப் பலகை இல்லை. பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு கருங்கல் அண்டக் கொடுத்திருந்தது. நாங்கள் நூறு தடவை பார்த்த படம்தான், அந்தக் கல் எங்கள் கண்ணில் படவே இல்லை. "கல்லு தேடி வைக்க நேரம் இருந்திருக்கு. பலகை வைக்க மட்டும் நேரம் இல்லையா?" என்றார். குறுக்கு விசாரணையில் டிரைவரிடமும் இதையே கேட்டார். அவர் பதில் சொல்லாமல் நின்றார். ஆபத்தான இடத்தில் வண்டியை விட்டுப் போவதே மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவில் குற்றம்.

அடுத்த சிக்கல் ஓனர். லாரியை எப்போதோ விற்றுவிட்டேன் என்று கைகழுவப் பார்த்தார். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பெயர் மாற்றாதவரை அதில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை மேடம் எடுத்து வைத்தார். ஓனரும் தப்பவில்லை, இன்சூரன்ஸ் கம்பெனியும் தப்பவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் பொய் நம்பிக்கை கொடுக்காதது. பின்னால் வருகிறவனும் பார்த்து வரணும், தம்பி பேரிலும் ஒரு பங்கு தப்பு போடுவார்கள் என்று முதல் நாளே சொன்னார். அப்படியே 25 சதவீதம் கழித்துத்தான் தீர்ப்பு வந்தது. தம்பிக்கு வருத்தம்தான். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் உடைந்துபோகவில்லை.

ஃபீஸ் முதலிலேயே பேசி, ரசீது கொடுத்தார்கள். வருகிற நஷ்ட ஈட்டில் பங்கு கேட்க வக்கீல்களுக்கு விதியில் இடமில்லை என்று அவரே சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில், கேஸ் பிடிக்க, வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டு வந்த ஆளை அப்போது நினைத்துக்கொண்டேன்.

குறை என்றால், சாயங்காலம் கோர்ட் முடிந்துதான் மேடத்தைப் பார்க்க முடியும், சில நாள் இரண்டு மணி நேரம்கூட உட்கார வேண்டிவரும். அலுவலகம் மாடியில், படி செங்குத்து. ஊன்றுகோலோடு தம்பியால் ஏற முடியவில்லை. ஜூனியர் பையன் கீழே வந்து, டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, மனு முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினான். நடக்க முடியாதவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், இறங்கி வருவார்கள்.