பி.எஃப். ஏஜென்ட்டிடம் ஓ.டி.பி. சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருக்களில் "பி.எஃப். பணம் உடனடியாக எடுத்துத் தரப்படும்" என்ற நோட்டீஸ் ஒட்டாத மின்கம்பத்தைப் பார்ப்பது அரிது. அப்படி நோட்டீஸ் ஒட்டிய ஓர் ஏஜென்ட்டால் என் மனைவியின் எட்டு ஆண்டுப் பென்ஷன் சேவைக்காலம் பறிபோய்விட்டது.

பிரசவத்துக்காக வேலையிலிருந்து நின்றிருந்த என் மனைவி, வேறு கம்பெனியில் சேருவதற்கு முன் பழைய கணக்கைச் சரிசெய்துகொள்ள நினைத்தார். பி.எஃப். பதிவில் அவருடைய அப்பாவின் இனிஷியலும் ஆதாரில் என் இனிஷியலும் இருந்தன. அதைத் திருத்துவது ஒன்றுதான் ஏஜென்ட்டிடம் கொடுத்த வேலை. திருத்தம் முடிந்த பிறகு, "இன்னொரு ஓ.டி.பி. வரும், அதையும் சொல்லிடுங்கம்மா" என்று கேட்டு வாங்கி, பி.எஃப். தொகையை முழுவதும் எடுப்பதற்கான படிவம் 19, பென்ஷன் பங்கை எடுப்பதற்கான படிவம் 10சி ஆகிய இரண்டையும் அந்த ஆள் சமர்ப்பித்துவிட்டார். வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அதில் பத்து சதவீதம் கமிஷன் கொடுத்தால்தான் மாற்றி வைத்திருக்கும் பாஸ்வேர்டைத் தருவேன் என்றும் மிரட்டினார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "பென்ஷன் பணத்துக்கு வட்டியே கிடையாது, சும்மாதானே கிடக்குது" என்று பதில் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை எளிதில் நம்பவைக்கும் பேச்சு இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் நம்மிடம் பிடிக்கப்படுகிறது. கம்பெனியும் 12 சதவீதம் செலுத்துகிறது. கம்பெனி செலுத்தும் அந்த 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம் 1995ஆம் ஆண்டின் பென்ஷன் திட்டத்துக்குச் செல்கிறது. 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் கணக்கு என்பதால் அது மாதம் 1,250 ரூபாயைத் தாண்டுவதில்லை. பாஸ்புக்கில் தனிப் பத்தியாகத் தெரியும் அந்தத் தொகைக்கு வட்டி ஏறாது என்பது உண்மைதான். ஆனால் பென்ஷன் அந்தத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுவதே இல்லை. கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள். பத்து ஆண்டுகள் நிறைந்தவருக்கு, 15,000 ரூபாய்ச் சம்பளக் கணக்கில், 58 வயது முதல் ஆயுள் முழுவதும் மாதம் சுமார் 2,143 ரூபாய் கிடைக்கும்.

இன்னும் இரண்டே ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால் என் மனைவி அந்தத் தகுதியைப் பெற்றிருப்பார். இப்போது புதிய கம்பெனியில் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது. பட்டுவாடா செய்யப்பட்ட 10சியைத் திரும்பப் பெற வழியில்லை என்று பி.எஃப். அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அடிக்கடி கம்பெனி மாறும் தையல், செக்கிங் தொழிலாளர்களிடம் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கணக்கை முடிக்கவைத்துக் கமிஷன் பார்ப்பவர்கள், அவர்களில் எத்தனையோ பேரைப் பத்து ஆண்டுகளை எட்டவிடாமலே செய்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

பி.எஃப். கணக்கை மாற்றுவதற்கோ, கிளைம் போடுவதற்கோ, பாஸ்புக் பார்ப்பதற்கோ பி.எஃப். நிறுவனம் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. வேறு கம்பெனிக்குச் செல்பவர்கள், கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் ஆகாமல் வேலையை விட்டவர்கள், அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டால், இதுவரையிலான சேவைக்காலம் அடுத்த வேலையோடு சேரும். ஏற்கெனவே யாரிடமாவது ஓ.டி.பி. சொல்லியிருந்தால், இன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, உங்கள் பெயரில் கிளைம் ஏதும் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேரில் கேட்க விரும்புபவர்களுக்காக ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது, யு.ஏ.என். எண்ணையும் ஆதாரையும் எடுத்துச் செல்லுங்கள்.